திருப்பிக் கொடுத்த வண்டி

பனமரத்துப்பட்டி ஏரி நிரம்பி, வாய்க்கால் ஓரமெல்லாம் தவளை கத்திக்கொண்டிருந்த நல்ல காலம் அது. இன்றைக்கு நினைத்தாலும் மனசு அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. ஏரிக்குக் கீழே இருந்த கிறிஸ்தவத் தெருவில் மரியபுஷ்பம் சாக்குப் பை தைத்துப் பிழைத்தாள். கல்யாணமான வருஷமே புருஷனைப் பறிகொடுத்துத் தாய்வீடு திரும்பியவள். தாயும் போன பிறகு தம்பி யாகப்பனை வளர்த்து ஆளாக்கியது அவள்தான்.

யாகப்பன் இல்லாமல் அந்தத் தெருவில் ஒரு சாவும் அடக்கமானதில்லை. யார் இறந்தாலும், தூம்பா என்கிற பொதுப் பெட்டியில் வைத்துத் தோளில் தூக்கிப் போவது நல்மரண சபையின் வேலை. பெட்டியைத் தாங்கும் நாலு கொம்பில் முன்பக்கம் வலது கொம்பு அவனுடையது. தூக்கித் தூக்கித் தோள் காய்த்து, இடுப்பும் போயிற்று. இளவட்டங்களோ லாரி வேலைக்குப் போய்விட்டார்கள். ஐம்பத்தெட்டாம் வருஷம் சபையார் கூடிப் பேசி, சேலத்துக் கடை ஒன்றில் கறுப்புச் சாயம் பூசிய நாலு சக்கரத் தள்ளுவண்டி வாங்கிவந்தார்கள்.

பெட்டியின் நீள அகலத்தை ஆளாளுக்கு அளந்தார்களே ஒழிய, கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற தடத்தை ஒருத்தரும் நினைக்கவில்லை. அது மூன்று வாய்க்காலைத் தாண்டிப் போகும். தோளில் சுமப்பவன் ஒரு எட்டு வைத்துத் தாண்டிவிடுவான். வண்டி தாண்டுமா? வெறும் பெட்டியை ஏற்றிப் பார்த்தபோது முதல் வாய்க்காலிலேயே முன்சக்கரம் இறங்கி, பெட்டி தலைகுப்புற விழுந்தது. பலகை போட்டுக்கொள்ளலாம் என்றார் சபைத் தலைவர் செபஸ்தியான். பிணம் ஏறாதவரை திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்திருந்தார். ஆனாலும் வாங்கிய பொருளைத் திருப்பினால் சபைக்குக் கௌரவக் குறைச்சலாம். வண்டி கோயில் மதிலோரம் நின்றது.

அந்த நேரம் பார்த்து மரியபுஷ்பம் விஷக்காய்ச்சலில் படுத்தாள். கோயில் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதல் கொடுத்துப் போனார். தெரு மொத்தமும் வண்டியைத்தான் திரும்பிப் பார்த்தது. அவள் தம்பியைக் கிட்டே கூப்பிட்டாள்.

"நான் சாகறதுக்குள்ள அந்த வண்டியக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துரு சாமி. நான் ஏறிட்டன்னா கடைக்காரன் எடுக்கமாட்டான். உன்ற தோள்லதான் நான் போவோணும்."

அவன் தயங்கினான். போன இடத்தில் இருக்கும்போது அக்காள் கண்ணை மூடிவிட்டால்?

"நீ வார வரைக்கும் போவமாட்டன்" என்றாள்.

செபஸ்தியானிடம் சண்டை போட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சேலம் வரைக்கும் வண்டியைத் தனியாகத் தள்ளிப் போனான் யாகப்பன். பதிலுக்கு இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்கு வாங்கிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகத் திரும்பினான். அக்காள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அவன் அப்படியே சுவரில் சாய்ந்து அழுதுவிட்டான். பிழைத்ததற்கு இப்படி அழுகிறானே என்று தெருவே கேலி செய்தது. அந்தக் கேலியும் சிரிப்பும் இனி எந்தத் தெருவில் கிடைக்கும்?

அறுபத்து நாலில் யாகப்பன் முந்திக்கொண்டான். சாக்குக் கட்டு இறக்கப் போன இடத்தில் மாரடைப்பு. அன்றைக்கு இளைஞர்கள் எல்லாரும் லாரியோடு எங்கெங்கோ இருந்தார்கள். நிமிர்ந்து தூக்கக்கூடிய ஆண்கள் மூன்று பேர்தான் தேறினார்கள். முன்பக்கம் வலது கொம்புக்கு ஆளில்லை. பக்கத்து ஊருக்குச் சொல்லி அனுப்பலாம் என்று பேச்சு எழுந்தபோது, மரியபுஷ்பம் முந்தானையைத் திரட்டித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். பெண்பிள்ளை தூக்குவதா என்று ஒருவர் முனகினார். அவள் சாமியாரைப் பார்த்தாள்.

"வண்டியத் திருப்பச் சொன்னது நாந்தானுங்க சாமி. நாந்தான் தூக்கோணும்."

சாமியார் ஜெபத்தை ஆரம்பித்தார். அவள் குள்ளம், மற்ற மூவரும் குனிந்து நடந்தார்கள். வழியெல்லாம் மூச்சு வாங்கியது, கொம்பை விடவில்லை. வாய்க்காலைத் தாண்ட அவளுக்குக் கால் எட்டவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் கொம்பை உயர்த்திப் பிடித்து, தம்பியை நனையாமல் அக்கரை சேர்த்தாள்.