முப்பத்தோராவது பேர்

இந்திராணிக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். அமாவாசைக் காலையில் ஏரிக்கரையில் ஊர்த் தலைவரான நாட்டார் சகாதேவன் பாடு நோட்டைத் திறந்து பேர் வாசிப்பார். பேர் வந்ததும் அந்த வீட்டு ஆம்பிளை "இருக்கேன்" என்பான். அந்த "இருக்கேன்"தான். அதை ஒரு தரமாவது அவள் சொல்ல வேண்டும். இதற்கா பதினாலு வருஷம் ஏங்கினாள் என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்கள் வீட்டுப் பேரை யாரும் நோட்டில் அடித்ததில்லை போல.

பழவேற்காடு ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் அந்தக் குப்பத்துக்கு ஒரு பாடு உண்டு. ஓடுகிற தண்ணீரில் கழி நட்டு வலை கட்ட முறைவைத்திருக்கும் இடம் அது. ஒரு திதிக்கு ஒரு வீடு. இங்கிலீஷ் தேதியெல்லாம் அங்கே செல்லாது; பிரதமை, துவிதியை என்று திதியைத்தான் எண்ணுவார்கள். தண்ணீரே நிலாவின் பேச்சைக் கேட்கிறது, மனுஷன் கேட்டால் என்ன குறைச்சல் என்பது ஊர் வாதம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓட்டம் கடுமையாக இருக்கும், இறால் தானாக வந்து விழும். அஷ்டமிக்குத் தண்ணீர் செத்துக் கிடக்கும்.

எழுபத்திரண்டாம் வருஷம் மஞ்சள் காமாலை வந்து அவள் புருஷன் கோபால் போய்ச் சேர்ந்தான். இருபத்துநாலு வயது அவளுக்கு, பிள்ளை இல்லை. அடுத்த அமாவாசையில் நாட்டார் நோட்டில் கோபால் பேரின் மேல் கோடு இழுத்தார்.

"வலைய என் தம்பி கட்டுவான் மாமா. பேரு மட்டும் என்னுது இருக்கட்டும்" என்று கேட்டாள்.

"பொம்பள பேர்ல பாடு எங்கயாச்சும் உண்டாம்மா? ஊர் சிரிக்கும்" என்றார் சகாதேவன். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் சண்டை போட்டிருப்பாள்.

அதன் பிறகு மீன் கூடையைத் தூக்கிப் பொன்னேரிச் சந்தைக்குப் போனாள். ஆனால் எந்த அமாவாசையும் தவறவில்லை. பேர் வாசிக்கும்போது கூட்டத்துக்குப் பின்னால் கூடையோடு நிற்பாள். கோபால் பேர் இருந்த இடத்தை வாசிப்பு தாண்டும்போது கூடையை இடுப்பு மாற்றிக்கொள்வாள்.

மூன்று வருஷத்தில் பொன்னுரங்கத்தின் வீடு நொடித்துப் போனது. கோபாலோடு ஒரே படகில் வளர்ந்தவன் அவன். அவன் பொண்டாட்டி லோகாம்பாள் வேண்டாத சாமி இல்லை. ஒருநாள் பொன்னுரங்கம் இந்திராணியிடம் புலம்பினான்.

"போன மாசமும் அஷ்டமி, இந்த மாசமும் அஷ்டமி. இன்னா பாவம் பண்ணேன்னு தெரில."

"எங்க வீட்டுக்காரு இருந்தப்போ எப்படிண்ணே வந்துச்சு?"

"அப்போல்லாம் மாறி மாறி வரும். இப்போ ஏரிக்கே என் மேல கோவம்."

ஏரிக்கு வேறு வேலை இல்லையா? இந்திராணி எட்டாவது வரை படித்தவள், கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள். பழவேற்காட்டில் இறால் வாங்கும் மரியம் பீவி வீட்டில் கிழித்துப்போட்ட தினசரி காலண்டர் தாள்களைக் கேட்டு வாங்கி வந்தாள். ஒவ்வொரு தாளிலும் திதி அச்சாகியிருந்தது. யார் எந்தத் திதியில் வலை கட்டினார்கள் என்று தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தாள்.

நாலாவது மாதத் தாள்களை அடுக்கியபோது விஷயம் பளிச்சென்று தெரிந்தது. அமாவாசையிலிருந்து அமாவாசைக்கு முப்பது திதி. கோபால் இருந்தபோது முப்பத்தோரு பேர். ஒரு சுற்று முடியும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு திதி தள்ளும். அஷ்டமிக்காரன் அடுத்த முறை நவமிக்குப் போவான், என்றைக்காவது பௌர்ணமியையும் தொடுவான். கோபாலை அடித்ததும் பேர் முப்பது, திதியும் முப்பது. யார் எங்கே இருந்தார்களோ அங்கேயே ஆணி அடித்தது போல நின்றுவிட்டார்கள். ஆளுக்கு ஒரு முறை, எல்லாரும் சமம் என்று ஊர் மார்தட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அவள் வாய்விட்டு அழுதாள். அந்த மனுஷன் சும்மா வரிசையில் நின்றே முப்பது வீட்டையும் நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறான். அந்த இடத்தில் தான் நிற்க வேண்டும் என்ற ஆசை அன்றுதான் அவளுக்கு வெறியாக ஏறியது.

அடுத்த அமாவாசையில் மட்டி ஓடுகளைப் பொறுக்கி வந்து மணலில் முப்பது திதியை வட்டமாக வைத்தாள். முதலில் வீட்டுக்கு ஒன்றாக முப்பது கூழாங்கல்லைச் சுற்றிக் காட்டினாள். பிறகு இன்னொரு கல்லைச் சேர்த்துச் சுற்றினாள். பொன்னுரங்கத்தின் கல் அஷ்டமியை விட்டு நகர்ந்தபோது கூட்டமே குனிந்து பார்த்தது.

நகர்ந்த இன்னொரு கல் நாட்டாருடையது. அவருக்கு மூன்று வருஷமாகப் பௌர்ணமி. தன் கல்லைத் தானே ஒரு தரம் தள்ளிப் பார்த்தார். "எனக்கு நஷ்டம்தான். ஆனா ஞாயம்னா ஞாயம். முப்பத்தியோரு பேர் வேணும்" என்றார்.

இந்திராணி ஒரு அடி முன்னால் வந்தாள்.

"முப்பத்தியொண்ணு அம்மன் பேரு. ஆத்தா முறைக்குப் பொன்னுரங்கம் வலை கட்டட்டும். மீனு கோயில் கூழுக்கு" என்று முடித்தார் நாட்டார்.

"அம்மனும் பொம்பளதானே மாமா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"ஐயே, சாமியும் நீயும் ஒண்ணா?" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சும்மா இல்லை.

வரிசை மறுபடி நகர்ந்தது. இரண்டே வருஷத்தில் பொன்னுரங்கம் புது வலை பின்னினான். நாட்டார் வீடு ஒன்றும் முழுகிப் போகவில்லை. ஒரு மாதம் அஷ்டமி வந்தால் இன்னொரு மாதம் நல்ல திதி வரும் என்று ஊர் தெம்பாக இருந்தது. இந்திராணி மட்டும் கூடையோடு அதே இடத்தில் நின்றாள். கடைசியில் நாட்டார் "அம்மன்" என்று வாசித்து ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார். பதில் சொல்ல ஆள் கிடையாது. அந்த ஒரு மூச்சு நேரத்தில் அவள் தொண்டைக்குள் சொல் வந்து நிற்கும். முழுங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போவாள். இப்படியே பதினோரு வருஷம்.

எண்பத்தாறு தை அமாவாசை. ஏன் அன்றைக்கு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

"அம்மன்" என்றார் நாட்டார்.

"இருக்கேன்."

கூட்டம் திரும்பியது. சகாதேவனுக்குப் பார்வை மங்கியிருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "யாரும்மா அது?" என்றார்.

"முப்பத்தியொண்ணு, மாமா."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. நாட்டார் பென்சிலால் நோட்டில் ஏதோ எழுதிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

எல்லாரும் கலைந்த பிறகு பொன்னுரங்கம் நோட்டைக் கொண்டுவந்து அவளிடம் விரித்துக் காட்டினான். கடைசி வரியில் "அம்மன்" என்றிருந்தது. அதற்குப் பக்கத்தில் கோணல் எழுத்தில் "ஆஜர்".

இந்திராணி கூடையை இறக்கி வைத்தாள். "அம்மன்" என்ற எழுத்தை உள்ளங்கையால் மூடி, மீதி இருந்த அந்த ஒரு சொல்லைப் படித்தாள். பொன்னேரி பஸ் ஹாரன் அடிக்கும் வரைக்கும் கையை எடுக்கவில்லை.