ராயா அக்காவின் யன்னல்

ராயா அக்கா இன்று காலை மோசம் போய்விட்டா. ஹார்ட் அட்டாக்கில் உயிர் போயிட்டுது.

ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் எங்களுக்குக் கீழ்வீடு. உக்ரைனில் இருந்து வந்த யூதப் பெண். அவவின் மனிசன் படியில் நின்று சொன்னார். மேலே வந்து இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்தது யூரோ வந்த வருடம். அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் அவவின் யன்னலில் இரண்டு மெழுகுதிரி எரிந்தது. அடுத்த நாள் மூன்று. அதற்கடுத்த நாள் நான்கு...

அந்த நாட்களில் எனக்கு மெழுகுதிரி என்றால் எங்கள் ஊரில் செத்த ஆட்களுக்குக் கொளுத்துவதுதான். ஒரு குடும்பத்தில் நாளுக்கு ஒருத்தர் சாகினமோ என்று பயந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு துக்கம் விசாரிக்கப் போனேன்.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. பிறகு எங்கள் இருவருக்கும் தெரிந்த உடைந்த ஜேர்மன் மொழியில் சொன்னா: “செத்தவைக்கு எண்டால் தம்பி, இந்த ஜேர்மனியிலை இருக்கிற மெழுகுதிரி காணாது.”

எனக்குச் சிரிக்க ஏலாமல் போச்சு.

அது ஹனுக்கா. எட்டு நாள் பண்டிகை. உருளைக்கிழங்கு துருவிக்கொண்டே என் மகள்களுக்குக் கதை சொன்னா. ஒரு ராசா அவர்களின் கோயிலைப் பிடித்து, பலிபீடத்தில் பன்றி வெட்டி, எதிர்த்தவர்களைக் கொன்றானாம். ஒரு கிழவர் ராசாவின் அதிகாரியை அந்த இடத்திலேயே வெட்டிச் சாய்த்துவிட்டு, ஐந்து மகன்களோடு மலைக்கு ஓடினாராம்.

ஒரு மகன் போர் யானைக்கு அடியில் புகுந்து வயிற்றில் குத்த, யானை அவன்மேலேயே விழுந்ததாம்... கோயிலை மீட்டபோது விளக்குக்கு ஒருநாள் எண்ணெய்தான் இருந்தது. அது எட்டு நாள் எரிந்ததாம். எனக்கு எண்ணெயை விட யானைக்குக் கீழே கிடந்தவன்தான் மனதில் நின்றான்.

துருவியில் அக்காவின் விரல் கிழிந்து ரத்தம் வந்தது. கழுவிவிட்டுத் திரும்பவும் துருவினா. தன் அம்மாவும் இப்படித்தானாம், கொஞ்சம் தோலும் சேர்ந்தால்தான் ருசியாம். எண்ணெயில் பொரித்ததை மசித்த அப்பிளோடு தின்றோம்.

இரண்டு வருடம் கழித்து, ஹனுக்கா நாலாம் நாள் பின்னேரம்... கல் வந்தது.

சத்தம் கேட்டுக் கீழே ஓடினேன். யன்னல் கண்ணாடி முழுக்கத் தரையில். லாம்பும் உடைந்து ஒரே இருட்டு. அக்காவின் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. வெளியே ஒருத்தன் யூதர்களையும் வெளிநாட்டுக்காரரையும் தூஷணத்தால் திட்டிக்கொண்டு ஓடினான்.

திரிகளில் இரண்டுதான் அணையாமல் இருந்தன. காயத்துக்குள் கண்ணாடி இருக்கிறதா என்று பார்க்க ஒன்றைப் பிடுங்கினேன். அந்த ரத்தத்தோடு அக்கா என் கையில் ஓங்கி அடித்தா.

“அதை எடாதை. அந்த வெளிச்சத்திலை ஒரு வேலையும் செய்யக்கூடாது. மற்றதை எடு. அதுதான் வேலைக்காரன்.”

மற்றத் திரிகளைக் கொளுத்துகிற ஒன்பதாவது திரிக்குப் பெயரே வேலைக்காரனாம். அந்த வெளிச்சத்தில்தான் நெற்றியில் இருந்து மூன்று துண்டு இழுத்து எடுத்தேன். என் விரலும் வெட்டுப்பட்டது.

ஐந்து தையல். அடுத்த நாள் அவவின் மனிசன் உடைந்த யன்னலுக்குக் காட்போட் மட்டை அடிக்க, அக்கா திரிகளைப் பக்கத்து யன்னலில் வைப்பேன் என்று சண்டை. தெருவில் போகிறவன் காணத்தான் அதை வைப்பதாம், ஒளித்து வைக்க இல்லையாம்.

அப்போதுதான் நான் போனேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

“அக்கா, மேலை என்ரை பிள்ளையள் படுக்குதுகள். அடுத்தமுறை கல்லு வராது, பெற்றோல்தான் வரும். உள்ளுக்கு வையுங்கோ.”

இந்த நாட்டில் வெளிநாட்டுக்காரரின் வீடு எரித்த கதைகள் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பயத்தில் கத்தினேன், ஏதோ அவதான் கல்லெறிந்தவ மாதிரி.

அக்கா கட்டுப்போட்ட நெற்றியோடு யன்னலடிக்குப் போனா. மெழுகுதிரித் தாங்கியைத் தூக்கிவந்து மேசையில் வைத்தா. ஆபத்துக் காலத்தில் மேசையில் வைத்தாலும் போதும் என்று அவர்களின் சட்டத்தில் இருக்கிறதாம். என் மகள்களைக் கூப்பிட்டு அன்றைக்கும் பொரித்துக் கொடுத்தா.

அதன்பிறகு ஒரு வருடமும் யன்னலில் வைக்கவில்லை. கல்லால் நிறுத்த ஏலாததை நான் நிறுத்தினேன்.

ஒருநாளும் என்னோடு அவ கோபிக்கவில்லை.

கோபித்திருக்கலாம் அக்கா... போயிட்டு வாங்கோ.