வாசலில் ஓடிக்கொண்டிருந்த கார்

இந்த ஊரில் கரண்டு போனால் யாரும் சத்தம் போடுவதில்லை. எங்கள் எருமப்பட்டியில் போனால் தெருவே "ஓ" என்று ஒரு குரல் கொடுக்கும். வந்தால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று. மிச்சிகனில் ஐஸ் மழைக்குக் கம்பி அறுந்து தெரு முழுக்க அணைந்தாலும் அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். போன சனிக்கிழமை மத்தியானமும் அப்படித்தான் அணைந்தது. எங்கள் ஹைபிரிட் காரை வாசலில் கிளப்பி வைத்து, டிக்கியில் இருக்கும் பிளக்கில் நீள வயரைச் செருகி, ஜன்னல் வழியாக இழுத்து ஃப்ரிட்ஜுக்குக் கொடுத்தேன். பேட்டரி இறங்கினால் இன்ஜின் தானே கிளம்பும், ஏறியதும் தானே அடங்கிவிடும்.

பனி அள்ளிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு டேவ், மண்வாரியோடு வந்து நின்றார். கரண்டே இல்லாதபோது காருக்கு எப்படிச் சார்ஜ் போடுகிறாய் என்றார். கார்தான் வீட்டுக்குக் கொடுக்கிறது என்றேன். ஃப்ரிட்ஜுக்கு என்று சொன்னதும் சிரித்துவிட்டார். ஊரே உறைந்து கிடக்கிறது, மாவுச் சட்டியைத் தூக்கிப் பனியில் வைத்தால் போயிற்று. அவர் சிரித்ததில் தப்பில்லை. என் அப்பாவுக்கு இப்படித்தான் வயர் இழுத்தோம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. அப்பா உள்ளே குளிரிலா இருக்கிறார், உடனே எங்கள் வீட்டுக்கு அழைத்து வா, விறகு எரிகிறது என்றார். நல்ல மனுஷன். அழைத்து வருகிறேன் என்று தலையாட்டினேன்.

என் அப்பா ரிக் வண்டிக்காரர். ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போனால் மாதக்கணக்கில் ஊர்ப்பக்கம் வரமாட்டார். தாத்தா செத்தபோது மத்தியப் பிரதேசத்தில் ஏதோ காட்டுக்குள் இருந்தார். சேதி கிடைத்து வந்து சேர்வதற்குள் சுடுகாட்டில் சாம்பலே ஆறிவிட்டது. அதற்காக அவர் யாரையும் குறை சொன்னதில்லை. ஆனால் எந்த இழவு வீட்டுக்குப் போனாலும், "புள்ளைக எல்லாம் வந்தாச்சுங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்.

இந்தக் காரில் ஃப்ரிட்ஜ் ஓடுவதை முதல்முறை வீடியோவில் காட்டியபோது, அப்பா வெகுநேரம் வயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏஞ்சாமி, இதுல ஐஸ் பெட்டி ஓடுமா?"

பிணம் வைக்கும் பெட்டியைத்தான் சொல்கிறார்.

"வாயக் கழுவுங்கப்பா!"

"இல்ல சாமி, நீ வந்து சேர ரெண்டு நாளாயிருமில்ல. அதுக்குத்தான் கேட்டேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பிறகு தம்பி செந்தில் ஹைபிரிட் கார் வாங்கினான். அப்பா ரிக் பட்டறை எலக்ட்ரீஷியனைப் பிடித்து அதில் ஒரு இன்வெர்ட்டர் பொருத்த வைத்தார். கோழிப்பண்ணைக்கு ஆகும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். எதற்கென்று எனக்குத் தெரியும்.

வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீட்டில் சாவுகூட விமான நேரம் பார்க்க வேண்டும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போன வைகாசியில் அப்பா மாரடைப்பில் போனார். முந்தின நாள் அடித்த காற்றில் கம்பங்கள் சாய்ந்து ஊரில் கரண்டு இல்லை. முகூர்த்த நாள், ஜெனரேட்டரெல்லாம் கல்யாண மண்டபங்களில். பொழுதோட எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அம்மா பேசியது ஒன்றுதான்: "எம்புள்ள வரோணும்." செந்தில் காரை வாசலுக்குக் கொண்டுவந்து, பந்தலில் இருந்த ஐஸ் பெட்டிக்கு வயர் கொடுத்தான். நான் விமானம் மாறி, டாக்ஸி பிடித்து வந்து சேரும்வரை அவன் டிரைவர் சீட்டைவிட்டு நகரவில்லையாம். பெட்ரோலைக் கேனில் வாங்கி வந்து ஊற்றியிருக்கிறார்கள்.

பந்தலுக்குள் நுழைந்ததும் எனக்குக் கேட்டது அழுகை இல்லை, கார் சத்தம். கிளம்பும், அடங்கும், மறுபடி கிளம்பும். பாவி மனசு, அப்பாதான் மூச்சு விடுகிறார் என்று நினைத்துக்கொண்டது. பெட்டியின் கண்ணாடியைத் தூக்கினார்கள். மீசையெல்லாம் ஈரம். நெற்றியைத் தொட்டேன். எருமப்பட்டி வைகாசி வெயிலில், நான் பிழைக்கப் போன ஊரின் குளிர் அவர் நெற்றியில் இருந்தது. அந்தக் குளிரை நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன் என்று கதறினேன்.

குளிப்பாட்ட எடுக்க வேண்டும் என்றார்கள். செந்தில் காருக்குள் இருந்தபடியே, கண்ணெல்லாம் சிவந்து, என்னைப் பார்த்தான்.

"அக்கா, பாத்துக்கிட்டீங்களா? நிறுத்தீரட்டுங்களா?"

அம்மாவைக் கேட்கவில்லை. எனக்காக ஓடிய வண்டி, நான்தான் சொல்ல வேண்டும். பந்தலே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நிறுத்து சாமி" என்றேன்.

சத்தம் நின்றது. அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த அம்மா அப்போதுதான் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

சனிக்கிழமை பொழுது சாயும்வரை இங்கே கரண்டு வரவில்லை. என் கணவர் ஜன்னலைத் திறந்து, "பெட்ரோல் வீணாப் போவுது, மாவை வெளிய வெச்சுக்கலாம். வண்டிய நிறுத்து" என்றார். சரி என்று போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். பட்டன் மேல் விரலை வைத்தேன். இன்ஜின் அடங்கி, மறுபடி கிளம்பியது. என்னால் அழுத்த முடியவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் டேவ் தன் வீட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே விறகு எரிந்துகொண்டிருந்தது. அப்பாவை அழைத்துவரச் சொல்லி என்னைப் பார்த்துக் கையசைத்தார்.