மூன்று இரவு விழிக்கச் சொன்னார்கள்

நான் மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். சில மாதங்களாக விடியற்காலையில் கண் விழிக்கும், ஆனால் கை கால் அசையாது. நெஞ்சில் யாரோ உட்கார்ந்து அமுக்குவது போலிருக்கும், கத்தவும் முடியாது. படுக்கவே பயந்தேன். பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன்.

கணவர் பேயோட்டும் கோடாங்கியிடம் கூட்டிப் போனார். "பேய் அமுக்குது. மூணு ராத்திரி கண்ண மூடக் கூடாது" என்றார் அவர். நானும் புத்தியில்லாமல் விழித்திருந்தேன். நான்காம் நாள் மலைச்சரிவில் நின்றபடியே கண் சொருகி விழுந்தேன். இடுப்பில் கட்டிய முரட்டுப் படங்குத் துணி தேயிலைச் செடியில் மாட்டியதால்தான் கீழே பாறையில் மண்டை உடையவில்லை.

அதன் பிறகுதான் ஹட்டன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தன மணி நேரம் தூங்குறீங்க?" பதினொன்றுக்குப் படுத்து, ரொட்டி சுட மூன்றரைக்கு எழுகிறேன் என்றேன். தூக்கம் கெட்டால் மூளை விழித்த பிறகும் உடம்பு சிறிது நேரம் அசையாது, இது பேயில்லை என்றார். அந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

இப்போது ஒன்பதுக்கே படுக்கிறேன். அமுக்கம் எப்போதாவதுதான் வருகிறது. காலை ரொட்டி கணவர் வேலை. அவர் முணுமுணுத்தால் சொல்வேன்: "பேய வெரட்டணும்னு அலைஞ்சீங்கள்ல? எந்திரிச்சு மாவப் பிசைங்க."