மணலாய்ப் போன கேசரி

போன வாரம் ஆவடியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் சிறுகுறிஞ்சான் பொடி வாங்கினேன். எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது, கேட்டுக்கொள்ளுங்கள். கடையிலேயே டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். அந்தப் பச்சிலைக் கசப்பு மூக்கில் ஏறியதும் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பல வருஷங்களுக்கு முன்னால், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த காலம். மூன்று இடத்தில் பெண் பார்த்து மூன்றும் தட்டிப்போயிருந்தன. எத்துப்பல், ஒல்லி உடம்பு, போதாததற்கு சிகரெட். நான்காவது இடம் வேப்பம்பட்டு. பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது என்று தரகர் சத்தியமே பண்ணியிருந்தார். அவரும் அம்மாவும் முன்னால் போய்விட, நான் ரயிலை விட்டு இறங்கியதும் பதற்றத்தில் ஒன்றைப் பற்றவைத்து முடித்துவிட்டேன்.

கூட வந்தவன் என் ஷிப்ட் கூட்டாளி தேசிங்கு. "இன்னா மாமே, வாய் கப்பு அடிக்குது" என்றவன், பாதையோர வேலியில் படர்ந்திருந்த ஏதோ ஒரு கொடியிலிருந்து நாலைந்து இலையைக் கிள்ளி நீட்டினான். "மென்னு துப்பு. நாத்தம் பூடும்."

என்ன இலை என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கசந்தது. இவ்வளவு கசந்தால் நல்லதாகத்தான் இருக்கும் என்று பொறுமையாக மென்றேன்.

பெண் வீட்டில் கேசரி வந்தது. நெய் மினுங்கியது, முந்திரி தெரிந்தது. வாயில் போட்டால் ஈர மணல். இன்னொரு வாய். அதே மணல். சும்மா இருந்திருக்கலாம். உதவி செய்கிற நினைப்பில், "சக்கரை போட மறந்துட்டீங்க போல" என்றேன்.

பெண்ணின் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. என் அம்மா ஒரு விள்ளல் எடுத்துப் பார்த்தாள். "தேனாட்டம் இனிக்குதுடா!" தேசிங்கு தட்டையே வழித்துக்கொண்டிருந்தான். பெண்ணின் அப்பா தரகரை ஓரமாகக் கூப்பிட்டு, "புள்ளைக்கு மண்டைல ஏதானா கோளாறு கீதா?" என்று கேட்டது எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது. நான்காவதும் போயிற்று என்று எழுந்துவிட்டேன்.

அப்போது உள்ளேயிருந்து பெண்ணே வந்தாள். கேசரி கிண்டியவள் அவள்தான். "நாக்க நீட்டுங்க" என்றாள்.

அத்தனை பேர் முன்னால் நீட்டினேன். பச்சை.

"குறிஞ்சான் எல. இத்த மென்னா தித்திப்பே தெரியாது. எங்க நைனாவுக்குச் சக்கரை கீது, நாந்தான் தெனம் பறிச்சினு வரேன்."

கூடமே சிரித்தது. அவள் மட்டும் விடவில்லை. "உங்களுக்குத்தான் சக்கரை இல்லியே, எதுக்கு மென்னீங்க?"

சிரிப்பு நின்றது. தரகர் கண்ணாலேயே கெஞ்சினார். எனக்குப் பொய் வாயில் வரவில்லை. "சிகரெட் நாத்தம் போவறதுக்கு."

அவள் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"உட்டுடுவீங்களா?"

"உட்டுடறேன்."

"அப்ப குந்துங்க. செத்த நேரத்துல நாக்கு சரியாப் பூடும். துன்னுட்டு அப்பால சொல்லுங்க, சக்கரை கீதா இல்லியான்னு."

இருந்தது. கல்யாணமும் நடந்தது. சிகரெட்டை விடுவதற்குத்தான் ஆறு வருஷம் ஆயிற்று.

அதன்பிறகும் ஞாயிறு தவறாமல் ரயிலேறிப் போய் அவள் அப்பாவுக்கு இலை பறித்துக் கொடுப்பாள். வேறு யார் கொடுத்தாலும் அவர் வாங்கமாட்டார். இவளிடம் வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, இவள் தலை மறைந்ததும் துப்பிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். என்னைப் பிடிக்காத மனிதருக்கு அந்த ஒரு விஷயத்தில் நான்தான் கூட்டு.

மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பக்கத்து வேலிகளெல்லாம் மதில் சுவர்களாகி, உள்ளே அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. என் மனைவி இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் எழுந்து குளித்து, தலைவாரிக்கொண்டு, எங்கே போவதென்று தெரியாமல் வாசலில் கொஞ்ச நேரம் நிற்கிறாள்.