இரண்டு பெடல் வண்டி

எங்கள் தெருவில் எல்லோரும் அவரைச் செடிக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். தன் பழைய பிக்கப்பில் பூந்தொட்டிகளையும் மரக்கன்றுகளையும் ஏற்றிப் பதினான்கு வருடம் வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்கியவர். உட்கார்ந்து சாப்பிடக்கூட மாட்டார். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கன்றுகளுக்கு நடுவே சுற்றுவார்.

ஒரு மழைநாளில் சிமென்ட் தொட்டி ஒன்று நழுவி அவருடைய இடது காலில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது; நரம்பு கூடவில்லை. கோல் ஊன்றி நடக்கலாம், கிளட்சை மிதிப்பது நடக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதன்பிறகு நான்கு மாதம் செடிக்காரம்மா வீட்டைப் படாத பாடு படுத்தினார். அவர் கணவர் பள்ளிக்கூடத்தில் கிளார்க், அதிர்ந்து பேசாத மனிதர். மாலையில் வந்து பார்த்தால் அலமாரி இடம் மாறியிருக்கும்.

ஒருநாள் கணவர் மெல்ல ஆரம்பித்தார். "வண்டியைக் குடுத்துடலாமா? நிக்க நிக்க துருதான் பிடிக்குது."

"நான் மட்டும் நிக்க நிக்க என்ன ஆகுறேனாம்?"

விற்பதற்காக வண்டியைக் காலி செய்தபோதுதான் சீட்டுக்கு அடியில் கம்பெனியின் ரிப்பேர் புத்தகம் கிடைத்தது. செடிக்காரம்மா பொழுது போகாமல் புரட்டினார். சில பக்கங்களில் ஒன்றுக்கு இரண்டு படங்கள் இருந்தன. இதே வண்டியைக் கம்பெனி கிளட்ச் இல்லாமலும் செய்திருக்கிறது. அன்றே ஆட்டோ பிடித்து மெக்கானிக்கிடம் போனார்.

"அக்கா, இது என்ன சட்டையா, காலர் மாத்தித் தைக்க? ஆட்டோமேட்டிக் வண்டியாவே ஒண்ணு வாங்கிடுங்க."

"தம்பி, இந்தப் படத்தைப் பாருங்க. கியர்பாக்ஸைத் தாங்குற சட்டத்துக்கு ரெண்டு ஜோடி ஓட்டை போட்டிருக்கான். ஒண்ணு நம்ம வண்டிக்கு. இன்னொண்ணு எதுக்கு?"

மறுநாள் வீட்டுக்கே வந்து டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போன மெக்கானிக் சற்று நேரம் வெளியே வரவில்லை. வந்ததும், "இருக்குக்கா," என்றார்.

பின்பக்கம் அடிபட்ட அதே மாடல் ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்று பழைய வண்டி பிரிக்கும் இடத்தில் கிடந்தது. அதிலிருந்து கியர்பாக்ஸ், லீவர், ரேடியேட்டர், அகலமான பிரேக் பெடல் எல்லாம் வந்தன. மெக்கானிக் ஓரிடத்தில் வெல்டிங் வைக்கப் போனபோது செடிக்காரம்மா கோலை நீட்டித் தடுத்தார். "கம்பெனியில எப்படிப் போட்டானோ அப்படியே போடுங்க."

பதினோராம் நாள் சாவியைத் திருப்பினால் எஞ்சின் கிளம்பவில்லை. சத்தமே இல்லை. மெக்கானிக் பேட்டரியை மாற்றினார், ஸ்டார்ட்டரை மாற்றினார். இரண்டு நாள் போயிற்று. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த செடிக்காரம்மா மறுபடி புத்தகத்தைப் புரட்டினார். கெடாத வண்டியைக் கெடுத்துவிட்டோமோ?

வயரிங் பகுதியை மூன்றாம் முறை படிக்கும்போது அந்த வரி கண்ணில் பட்டது. ஆட்டோமேட்டிக்கில், கியர் லீவர் நியூட்ரலில் இருப்பதைச் சொல்லும் கம்பி இணைந்தால்தான் ஸ்டார்ட்டர் வேலை செய்யும். அதற்கான கனெக்டர் எல்லா வண்டியிலும் உண்டு. கிளட்ச் வண்டியில் டேப் சுற்றி விட்டிருப்பார்கள். கோலைக் கீழே வைத்தார். பெடல்களுக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கையை விட்டுத் துழாவினார்.

"தம்பி, டேப் வெட்டக் கத்தி குடுங்க."

அதை இணைத்ததும் எஞ்சின் கிளம்பியது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, "அந்தப் புத்தகத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கறேங்க்கா," என்றார்.

முதல் நாள் செடிக்காரம்மா பள்ளி மைதானத்தில் ஓட்டினார். பழக்கத்தில் இடது கால் கிளட்சைத் தேடிப்போய்ப் பிரேக்கில் பொத்தென்று விழுந்தது. பக்கத்திலிருந்த கணவரின் நெற்றி கண்ணாடிவரை போய்த் திரும்பியது. "பரவாயில்ல, ஓட்டு," என்றார் அவர். ஒரு வாரம் இப்படியே போனது. மாற்றங்களுக்கு அனுமதி வாங்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தார்கள். அதிகாரி படங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது வாரத்தில் ஐந்து நாள் செடிக்காரம்மாவின் வண்டி ஓடுகிறது. கிளட்ச் வண்டி போனதில் வருத்தமில்லையே என்று ஒருமுறை கேட்டேன்.

"வருத்தமெல்லாம் இல்ல. ஆனா முன்னாடி ஓட்டும்போது கை, காலு எல்லாத்துக்கும் வேலை இருந்துச்சு. இப்போ பாதி உடம்பு பயணி மாதிரி சும்மா வருது. அதுதான் பழக மாட்டேங்குது," என்றபடி எஞ்சினைக் கிளப்பினார்.