குழாயின் முதல் துளி

மாமியாரின் நடுவிரலை நீவி நீவி ரத்தத்தை நுனிக்குக் கொண்டுவந்தாள் மருமகள். ஊசியைத் தட்டினாள். துளி எழும்பியதும் சர்க்கரை பார்க்கும் பட்டையின் முனையை அதில் தொட்டாள். அந்தக் கைகளில் அவசரமும் இல்லை, நடுக்கமும் இல்லை. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்து, அந்த வேலையிலேயே கிழவியானவள் நான். நல்ல கையைப் பார்த்தால் தெரியும். ஆஸ்பத்திரியில் இருந்திருக்க வேண்டிய கை, உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போய்விட்டது.

கருவி எண்ணைக் காட்டுவதற்குள் அவள் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து படுக்கை. அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில். ஆக, வீடு மருமகள் கையில். அவளை ஆலைகளில் எல்லோரும் மூக்கம்மா என்றுதான் சொல்வார்கள். கிடங்குக்குள் நுழையும்போதே என்ன கசிகிறது, எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவாளாம். அவளுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. "மூக்கு சாட்சி சொல்லாது சிஸ்டர். எண்ணுதான் சொல்லும்" என்பாள்.

அவள் வேலை, உணவு தயாரிக்கும் இடங்களில் கரைப்பான்களைக் கண்காணிப்பது. எண்ணெய் வித்துகளை எவ்வளவு நசுக்கினாலும் புண்ணாக்கில் கொஞ்சம் எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கும். அதையும் எடுக்க, பெரிய ஆலைகள் புண்ணாக்கை ஹெக்சேன் என்ற கரைப்பானால் அலசுகின்றன. அது பெட்ரோலுக்கு உறவுக்காரன். எண்ணெயைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும். சூடாக்கினால் ஆவியாகிப் பிரிந்துவிடும். முழுக்கப் பிரிந்ததா என்று பார்க்கத்தான் சட்டம், அதற்குத்தான் மூக்கம்மா.

இதை முதன்முதலாகக் கேட்ட அன்று மாமியார் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார்.

"பெட்ரோல்ல அலசினதையா எனக்கு இத்தனை வருஷம் ஊத்தினீங்க? ஒரேடியா தடை பண்ணித் தொலைக்க வேண்டியதுதானே?"

"தடை பண்ண வேண்டியதைத் தடை பண்ணியிருக்கு அத்தை. மத்ததுக்கு மூணே கேள்வி. எந்தக் கரைப்பான், எந்தப் பொருளுக்கு, கடைசியில எவ்வளவு மிஞ்சுது. மூணுக்கும் ஒழுங்கா பதில் வந்தா தாராளமா சாப்பிடலாம்."

"உன்னை மருமகளாக்கினப்போ நான்கூட மூணு கேள்வி கேக்கலையேம்மா."

"கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தட்டை மறுபடி மாமியார் பக்கம் நகர்த்தினாள்.

இந்தத் துறைக்கு வருவதற்கு முன்னால் அவள் ஒரு சாயச்சாறு ஆலையின் ஆய்வகத்தில் இருந்தாள். மிளகாயிலிருந்து சிவப்பை எடுத்து மிட்டாய்க்காரர்களுக்கு விற்கிற இடம். அங்கே இயந்திரத்தின் பிசுக்கைக் கழுவ வாங்கும் மலிவான கரைப்பான், பின்வாசல் வழியாக மிளகாய்த் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. உணவின் பக்கத்திலேயே வரக்கூடாத சரக்கு. தரச்சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிழைக்கத் தெரியாதவள் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பிறகு அவள் அரசாங்க முத்திரையோடு அதே ஆலைக்குள் நுழைந்தபோது அவர்களேதான், அப்போதே தெரியும் என்றும் சொன்னார்கள்.

குறை இல்லாதவள் இல்லை. யார் வீட்டுச் சமையலறைக்குப் போனாலும் டப்பாவைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படிப்பாள். கடைக்குப் போகும்போது அவளைக் கூட அழைத்துப் போக யாரும் தயாரில்லை. ஆனால் அவள் சோதனைக்கு எடுத்த மாதிரி தப்பாகாது என்பதில் ஊருக்கு ஒரே பேச்சு. ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணெயை அவள் பாட்டிலின் கழுத்து வரை, காற்றுக்கு இடமே இல்லாமல் நிரப்புவாள். இடம் விட்டால் ஹெக்சேன் அதில் ஆவியாகி ஒளிந்துகொள்ளும், எண் குறைந்துவிடும். ஆலைக்குப் போகிற நாளில் பருத்திப் புடவைதான் கட்டுவாள், வளையலைக் கழற்றிவிடுவாள். ஒரு பொறி பறந்தால் அங்கே எல்லாரும் காலி.

இனி அன்றைய விஷயம். ஊருக்கு வெளியே ஒரு எண்ணெய் ஆலை. நல்ல பெயர் உள்ள ஆலைதான். அவள் அங்கே எடுத்த மாதிரியில் ஹெக்சேன் அளவு, சட்டம் விட்டுக்கொடுக்கும் அளவைப் போலப் பல மடங்கு வந்திருந்தது. தொட்டிக்கு முத்திரை வைத்தாயிற்று. முதலாளி மேல்முறையீடு செய்யலாம். அதே சமயத்தில் எடுத்த இன்னொரு பாட்டில் அதற்காகவே மேல் ஆய்வகத்துக்குப் போகக் காத்திருக்கும். அவரோ வேண்டாம் என்றுவிட்டார். "மூக்கம்மா எடுத்ததுன்னா அப்பீலுக்குப் போய் மானம் போறதுதான் மிச்சம்" என்றாராம். மறுநாள் காலை துறையின் மேலதிகாரி ஆலைக்கு வருவார். முதலாளி ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவார். எண்ணெய் சோப்புக்காரனுக்குப் போகும். அலசும் பிரிவின் உரிமம் ரத்தாகும். முதலாளிக்கு வேறு தொழில் இருந்தது. அந்தப் பிரிவை மறுபடி திறக்கிற எண்ணம் அவருக்கு இல்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டுக்குப் போவார்கள்.

சட்டப்படி எல்லாம் சரி. அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

கருவி கூவியது. எண் வரவில்லை. அளவுக்கு மேல் என்று காட்டியது.

"சிஸ்டர்!" என்றாள். "இங்க பாருங்க. டாக்டரைக் கூப்பிடணும், இன்சுலின் ஊசி போடணும்."

நான் எழுந்து வருவதற்குள் அவளே நிதானத்துக்கு வந்துவிட்டாள்.

"அத்தை, தலை சுத்துதா? ரொம்பத் தாகமா இருக்கா?"

"பசிக்குது" என்றார் மாமியார்.

அவள் குனிந்து அந்த விரலை மோந்தாள். "ஸ்ட்ராபெரி" என்றாள்.

மாமியார் கூரையைப் பார்த்தார். தலையணையைத் தூக்கினால் அடியில் ஜாம் பாட்டில். காலையில் ரொட்டித் தட்டோடு வந்தது, தட்டோடு திரும்பிப் போகவில்லை.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"நடந்து வந்திருக்கும். எனக்குத்தான் நடக்க முடியாதே."

உடம்பு துடைக்க நான் வைத்திருக்கும் எனாமல் பேசினில் தண்ணீர் எடுத்து, சோப்புப் போட்டு அந்தக் கையைக் கழுவித் துடைத்தாள். வேறு விரலைக் குத்தினாள். முதல் துளியைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, இரண்டாவது துளியைப் பட்டையில் தொட்டாள். வழக்கமாக வருகிற எண்தான் வந்தது. முதல் துளி காட்டியதை நம்பி ஊசி போட்டிருந்தால், சர்க்கரை ஒரேடியாக இறங்கி, கிழவியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டியதுதான்.

"பாத்தியா?" என்றார் மாமியார். "என் ரத்தத்து மேல ஒரு குத்தமும் இல்ல. எல்லாம் விரல் மேல."

அவள் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஜாம் பாட்டிலைப் பிடுங்கக்கூட மறந்துவிட்டாள். பிறகு போனை எடுத்து ஆலை மேற்பார்வையாளரை அழைத்தாள். கையில் பஞ்சு இருந்ததால் சத்தமாகப் பேசும்படி போட்டு மேசையில் வைத்தாள். நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"அண்ணே, தொட்டியில மாதிரி எடுக்கிற குழாய் இருக்கே, அன்னிக்கு அது ஏன் அவ்வளவு பளபளன்னு இருந்துச்சு?"

"நீங்கதானே மேடம் போன தடவை திட்டினீங்க, ஈ மொய்க்குதுன்னு. அதிலேர்ந்து நீங்க வர்றீங்கன்னா குழாய்க்கு முதல்ல குளியல். உள்வாய் வரைக்கும் துணிய விட்டுத் துடைச்சு, தூசி படாம மூடியையும் திருகி வெச்சுடுவோம்."

"எதைத் தொட்டுத் துடைப்பீங்க?"

"பிசுக்கு வேற எதுல மேடம் போகும்? நம்மகிட்ட இருக்கிறது அதுதானே. ஹெக்சேன்லதான்." பிறகு மெதுவாக, "ஐயோ" என்றார்.

மூடி போட்ட குழாய்க்குள் ஹெக்சேன் எங்கே போகும்? அங்கேயே இருந்திருக்கிறது. திறந்ததும் முதல் பாட்டிலில் இறங்கியிருக்கிறது. ஆய்வகத்துக்குப் போனது அந்த முதல் பாட்டில்தான்.

வழக்கமாக அவள் கொஞ்சம் எண்ணெயை ஓடவிட்டுக் கொட்டிவிட்டுத்தான் பாட்டிலைப் பிடிப்பாள். அன்று துப்புரவு செய்கிற அம்மா அப்போதுதான் தரையைத் துடைத்து முடித்து, இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாராம். முதல் எண்ணெயைப் பிடித்துக் கொட்ட ஆலையில் வைத்திருந்த பாத்திரமும் ஒழுகுகிற பாத்திரமாம். பாவம், மறுபடி துடைக்க வேண்டுமே என்று நேராகப் பிடித்துவிட்டாள். இரக்கம் நல்ல குணம்தான். வேலை நடக்கிற இடத்தில் அதை ஓரமாக உட்காரச் சொல்ல வேண்டும்.

"நீ பேசாம இருந்தா என்ன ஆகும்?" என்று கேட்டார் மாமியார்.

"அலசுற பிரிவை மூடிடுவாங்க."

"சொன்னா?"

"இதுவரைக்கும் நான் போட்ட ஒவ்வொரு கேசையும் எடுத்து வெச்சுக்கிட்டு, இந்தக் குழாயைத் தொறந்து விட்டியா, அந்தக் குழாயைத் தொறந்து விட்டியான்னு வக்கீலுங்க கேப்பாங்க. சாயச்சாறு ஆலைக்காரன் முதல் ஆளா வருவான்."

"எண்ணெய் மேல தப்பே இல்லைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது அத்தை. நிஜமாவே மிஞ்சியிருக்கவும் செய்யலாம். அதைச் சொல்ல வேண்டியது பாட்டில். நான் நிரப்பின பாட்டிலால அதைச் சொல்ல முடியாது."

"ஊரே மூக்கம்மாங்குது. நாளைக்கு அத்தனை பேர் முன்னாடி மூக்கறுபடப் போற."

"அறுபடட்டும். மாதிரியை நான் எடுக்கிறது கையாலதானே."

மாமியார் தலையணைக்கு அடியிலிருந்து ஜாம் பாட்டிலை எடுத்து அவரே நீட்டினார். அந்தக் கட்டிலில் நான் அதுவரை பார்க்காத காட்சி அது.

மறுநாள் ஆலையில் நடந்ததை அவளும் மேற்பார்வையாளரும் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போயின.

எல்லோருக்கும் முன்னால் போய்விட்டாள். மேலதிகாரியும் முதலாளியும் வந்ததும், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் என்று அவர்களைப் பக்கத்துத் தொட்டிக்கு அழைத்துப் போனாள். குழாயைத் துடைக்கிற தொழிலாளியிடம், "எனக்காக எப்படித் துடைப்பீங்களோ அப்படியே துடைங்க" என்றாள். அவர் பயந்து பயந்து, துணியைத் தகரக் குவளையில் நனைத்து, குழாயின் வாய்க்குள் விட்டுத் திருகித் துடைத்து, மூடியைப் போட்டார். சிறிது நேரம் விட்டு அவள் மூடியைத் திறந்து, முதலாளியை மோந்து பார்க்கச் சொன்னாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்வாங்கினார்.

"அன்னிக்கு நான் முதல் எண்ணெயைக் கொட்டாம நேரா பாட்டில்ல பிடிச்சேன். தப்பு என்னோடது" என்றாள்.

மேலதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "சீல் உங்களுது, கையெழுத்து உங்களுது. இப்ப வந்து இப்படிச் சொன்னா நாளைக்குத் துறையை யார் மதிப்பான்?"

"என் கையெழுத்துங்கறதாலதான் சார் நான் சொல்றேன். எடுத்த முறை தப்புன்னா அந்த மாதிரி செல்லாது. நீங்க எழுத்துல அனுமதி குடுத்தா மறுபடி எடுக்கலாம்."

"உங்களுக்கு விளக்கம் கேட்டு மெமோ வரும்."

"வரட்டும் சார். பதில் எழுதத் தெரியும்."

அவர் கொஞ்சம் உலவினார். பிறகு கார் முன்பக்கத்தின் மேல் தாளை வைத்து அனுமதியை எழுதினார். முதலாளி பேனாவைச் சட்டைப் பையில் திரும்பச் செருகிக்கொண்டார்.

முத்திரையை உடைத்தார்கள். குழாயின் வாயை உலர்ந்த துணியால் அவளே துடைத்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய போர்வையைத் தரையில் விரித்து, அதன்மேல் பேசினை வைத்தாள். துப்புரவு செய்கிற அம்மா, "இன்னிக்குத் தாராளமா கொட்டுங்க மேடம், நான் இன்னும் துடைக்கவே இல்ல" என்றாராம். பேசின் நிறைந்து தளும்பும் வரை எண்ணெயை ஓடவிட்டாள். அதற்குப் பிறகுதான் பாட்டில்களைப் பிடித்தாள், ஒவ்வொன்றும் கழுத்து வரை. மூடினாள், கட்டினாள், அரக்கு வைத்தாள்.

மேற்பார்வையாளர் அவளோடு வாசல் வரை வந்தார். "இது பாஸாயிடுமா மேடம்?"

"தெரியாதுண்ணே. தெரிஞ்சிருந்தா எதுக்கு இத்தனை பாட்டில்?" என்றாள். "வேலை முடிஞ்சதும் அந்தத் தகரக் குவளையைத் தூக்கிப் போடுங்க. குழாய்க்கு இனிமே வெந்நீரும் சோப்பும்தான், துடைச்சுக் காய வைங்க. நான் திட்டினா திட்டிட்டுப் போறேன்."

பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வண்டி ஏறினாள்.

அவள் எடுத்துப் போனது என்னுடைய எனாமல் பேசின். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று காலை மாமியாருக்கு நான் வாளியை வைத்துக்கொண்டுதான் உடம்பு துடைத்துவிட்டேன்.